நனையுமுன்னே வலி

மக்களே,

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் உன் மகள் எனக்கு ஒன்று செய்து காட்டினாள். கவுனின் இடுப்பு நாடாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, "நனையுமுன்னே வலி" என்று கத்திக்கொண்டே இழுத்தாள். நாடா அவிழ்ந்தது. நீ பின்னால் நின்று சிரித்தாய். "பாத்தியளா அப்பா, உங்க பாடத்த மூணாவது தலைமுறைக்கும் கொண்டு சேத்தாச்சு. இனி தைரியமா பிளேன் ஏறலாம்" என்றாய். நான் போனை உன் அம்மையின் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனேன். நான் கோபித்துக்கொண்டதாக நீ நினைத்திருப்பாய். எதற்கெடுத்தாலும் கோபிக்கிறவன் என்பது என்னைப் பற்றி எல்லோரும் அறிந்ததுதான். அன்று கோபம் வரவில்லை. பயம் வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வருகிற வாரம் வெள்ளிக்கிழமை நீ மனைவியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகிறாய். உன் மனைவிக்கு அந்தத் தீவு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. உன் அண்ணன் ஆன்றோ கணக்கு வாத்தியாராகப் போன அதே தேசம். தலைநகரில் பெரிய விமானத்தை விட்டு இறங்கி, இருபது பேர்கூட ஏற முடியாத சிறிய விமானத்தில் நீங்கள் கடலைத் தாண்ட வேண்டும். போகக் கூடாது என்று நான் தடுத்ததற்கு உன்னிடம் சொன்ன காரணம் வேறு. உண்மையான காரணத்தை இந்தக் கடிதத்தில் எழுதுகிறேன். இதைக் கோயில் மாத இதழுக்கும் கொடுக்கப் போகிறேன். அந்தப் பாடத்தை நான் உனக்கும் ஆன்றோவுக்கும் மட்டும் சொல்லிக்கொடுத்திருந்தால் வீட்டோடு போயிருக்கும். நம் ஊர் இனயத்திலும் பக்கத்துக் கரைகளிலும் நூறு பேருக்காவது சொல்லிக்கொடுத்தேன். அவர்களில் பாதிப் பேர் இன்று வளைகுடாவுக்கும் எங்கெங்கோவும் விமானத்தில் போய்வருகிறார்கள். அவர்களும் வாசிக்க வேண்டும்.

வெளியூர்க்காரர்கள் வாசித்தால் புரிய வேண்டும் என்பதற்காக எங்கள் பேச்சை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் கரையில் ஒற்றை மகனையும் மக்களே என்றுதான் கூப்பிடுவோம். வலி என்றால் இழு. நாங்கள் வலை வலிப்போம், கயிறு வலிப்போம், எஞ்சினைக் கிளப்பவும் கயிற்றை வலிப்போம். உடம்பில் அடிபட்டால் அதற்கு நோவு என்று பெயர். பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைகள்கூட அவசரத்தில் இப்படித்தான் பேசுவார்கள்.

நான் மீன்பிடி வள்ளங்களின் எஞ்சினைப் பழுதுபார்த்துப் பிழைத்தவன். எட்டாம் வகுப்போடு நின்றேன். எஞ்சினோடு வரும் ஆங்கிலப் புத்தகத்தை அகராதி வைத்து எழுத்தெழுத்தாக வாசித்துத்தான் தொழிலையும் ஆங்கிலத்தையும் கற்றேன். எனக்கு யாரும் எதையும் சொல்லித்தரவில்லை. அதனாலேயே நான் கண்டுபிடித்ததை விட்டுக்கொடுக்கும் பழக்கம் எனக்கு வரவில்லை. ஒக்கிப் புயலுக்குப் பிறகு எல்லோரும் கடலில் மிதக்கவைக்கும் பாதுகாப்பு உடுப்பு பற்றிப் பேசினார்கள், உனக்கு நினைவிருக்கும். தடித்த பஞ்சுப் பலகை வைத்த உடுப்பைப் போட்டுக்கொண்டு வலை வலிக்க முடியாது என்று யாரும் போடவில்லை. வளைகுடாவிலிருந்து வந்த ஒருவர் வேறு வகையைக் காட்டினார். கழுத்தில் பட்டையாகக் கிடக்கும். ஒரு கயிற்றை இழுத்தால் உள்ளே இருக்கும் சிறிய குப்பியிலிருந்து காற்று நிறைந்து ஊதிக்கொள்ளும். நான் ஊரெல்லாம் அலைந்து அதை வாங்க வைத்தேன். முதலில் போட்டுக்கொண்டவன் என் கூட்டாளி சூசை.

அடுத்த ஆடி மாதம் சூசையின் வள்ளம் கரையடைகிற நேரத்தில் கவிழ்ந்தது. கரையில் நின்று கூப்பிட்டால் கேட்கிற தூரம். நாங்கள் அவனை எடுத்தபோது உடுப்பு கழுத்தில் சரியாகக் கட்டியிருந்தது. கயிறு இழுக்கப்படவே இல்லை. தண்ணீருக்குள் தலைகீழாகப் போனவனுக்குக் கயிறு எங்கே என்று கை தேடியிருக்கிறது, கிடைக்கவில்லை. அவனைப் புதைத்துவிட்டு வந்த அன்று நான் அந்தச் சட்டத்தை உண்டாக்கினேன். நனையுமுன்னே வலி. ஆபத்து என்று தெரிந்தால் தண்ணீர் தொடும்வரை காத்திருக்காதே, முதலில் கயிற்றை இழு, மற்றதெல்லாம் பிறகு.

பூசை முடிந்த ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் இரண்டு பேரையும் கடற்கரையில் நிறுத்திப் பழக்கினேன். ஆன்றோ அப்போது மார்த்தாண்டத்தில் ஒரு பள்ளியில் வாத்தியார். நீ நாகர்கோவிலில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாய். மீசை முளைத்த இரண்டு ஆண்கள், காலிக் குப்பி மாட்டிய உடுப்போடு மணலில் நின்று, நான் கை தட்டியதும் கயிற்றை இழுத்தீர்கள். கரையில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் விடுவார்களா? "ஓய் மெக்கானிக்கே, உமக்க மோனுவ ரெண்டு பேரும் திருவிழாவுக்கு பலூன் விக்கவா போறானுவ?" என்றார்கள். "பலூன் மெதக்கும். நீரு மெதக்குவீரா ஓய்?" என்று நான் கேட்டேன். ஆன்றோவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "அப்பா, எனக்க ஸ்டூடண்ட்ஸ் நின்னு பாக்கியானுவ" என்றான். "பாக்கட்டும். பாத்துப் படிக்கட்டும்" என்றேன். பிறகு அவனே அந்தச் சட்டத்தை வகுப்பில் சொல்லிக்கொடுத்தான். நீயும் சிரித்துக்கொண்டேதான் செய்தாய், ஆனால் பிழையில்லாமல் செய்தாய். கண்ணைக் கட்டிவிட்டாலும் உங்கள் கை கயிற்றுக்குத் தானாகப் போகும் அளவுக்குப் பழக்கினேன். அதுதான் எனக்குப் பெருமை. நினைத்துப் பார்த்துச் செய்யாதபடிக்கு ஒன்றைப் பழக்கிவிட வேண்டும் என்று நினைத்தேன். பழக்கிவிட்டேன்.

அந்தச் சட்டம் வள்ளத்துக்குச் சரி. இன்றைக்கும் சரி என்றே சொல்வேன், யார் வந்து கேட்டாலும் சொல்வேன். திறந்த வள்ளத்தில் தலைக்கு மேலே வானம். ஊதிய உடுப்பு உன்னைத் தூக்கினால் நீ காற்றுக்கு வருவாய். விமானத்தில் தலைக்கு மேலே கூரை. ஊதிய உடுப்பு உன்னைத் தூக்கிக் கூரையில் ஒட்டிவைக்கும். கதவு கீழே தண்ணீருக்குள் இருக்கும். முங்கினால் போகலாம், ஆனால் உடுப்பு முங்க விடாது. எவ்வளவு நீந்தத் தெரிந்தவனும் முங்க முடியாது. வேறொரு நாட்டில் கரைக்கு அருகே கடலில் இறங்கிய பெரிய விமானத்தில் பலர் அப்படித்தான் இறந்தார்கள் என்று பிறகு வாசித்தேன். பிறகு வாசித்து என்ன பயன்? ஆன்றோ முதன்முதலில் விமானம் ஏறப் புறப்பட்டபோது திருவனந்தபுரத்தில் விமான நிலைய வாசலில் என்னிடம் கேட்டான். விளையாட்டாகத்தான் கேட்டான். "அப்பா, பிளேன் கடல்ல எறங்கினா என்ன செய்யணும்?" நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "கடலு கடலுதாம்லே. வள்ளமானா என்ன, பிளேனானா என்ன? நனையுமுன்னே வலி" என்றேன். நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றாய். உனக்கும் சேர்த்துத்தான் சொன்னேன்.

நடந்தது உனக்குத் தெரியும். தெரிந்தவரை தெரியும். இறங்க வேண்டிய தீவு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் எஞ்சின்கள் நின்றன. விமானி அதைக் கடலில் இறக்கினார். நன்றாகவே இறக்கினார். இத்தனை வருடம் நான் இதை ஒத்துக்கொள்ளவில்லை. கடல் தெரிந்தவன் வள்ளத்தை அலையின் போக்கறிந்து திருப்புவதுபோல் அவர் அலையில் முட்டாமல் நெடுகக் கொண்டுபோய் வைத்தார். விமானம் உடையவில்லை. வால்பக்கத்திலிருந்து மெதுவாக அமிழ்ந்தது. சுற்றிலும் மீன்பிடிப் படகுகள் வந்து சேர்ந்தன. ஏறியவர்கள் எல்லோரும் வெளியே வந்தார்கள், உன் அண்ணனைத் தவிர.

நீந்தத் தெரியாதவர்கள் எல்லோரும் பிழைத்தார்கள், இனயத்துக் கடலில் முங்கிச் சிப்பி எடுத்தவன் மட்டும் எப்படிச் செத்தான்? இந்தக் கேள்வியை நான் எத்தனை அதிகாரிகளின் மேஜைமேல் தட்டிக் கேட்டேன் என்று உனக்குத் தெரியும். கதவு சிக்கியிருக்கும், பெல்ட் சிக்கியிருக்கும், மறைக்கிறார்கள் என்றேன். நீ என்னை நம்பினாய். லீவு எடுத்து என்னோடு அலைந்தாய். அலைந்ததில் இரண்டு இடத்தில் உனக்கு வேலை போனது. டெல்லியில் ஒரு அலுவலக வாசலில் வெயிலில் நின்று, "விடமாட்டோம் அப்பா" என்று என் தோளைப் பிடித்துச் சொன்னாய். அப்போது அந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் உன்னை அலையவிட்டேன்.

ஆன்றோவின் நாற்பத்தொன்றாம் நாள் பூசை முடிந்த வாரம் ஒரு பெண் கணவரோடு நம் வீட்டுக்கு வந்தார். தஞ்சாவூர்ப் பக்கம். அவரும் அந்தத் தீவில் டீச்சர், விமானத்தில் ஆன்றோவுக்குப் பக்கத்து இருக்கையில் இருந்தவர். நீ அன்று ஏதோ சான்றிதழ் வாங்க நாகர்கோவிலுக்குப் போயிருந்தாய். வந்தவர்களுக்கு உன் அம்மை சாயா போட்டுக் கொடுத்தாள். டீச்சர் அதைத் தொடாமல் பேசினார். "சாருக்கு உங்க மேல அவ்வளவு பெருமைங்க. கெளம்பறதுக்கு முன்னாடி ஜாக்கெட்ட போட்டுக் காட்டி, வெளியில போனப்பறந்தான் இழுக்கணும், உள்ள இழுக்கக் கூடாதுன்னு ஒருத்தர் சொன்னாரு. சார் சிரிச்சாரு. 'இவரு கடல ஜன்னல் வழியா பாத்தவரு டீச்சர். எங்கப்பா கடலோடயே கெடக்குறவரு. எங்க வீட்டுச் சட்டம் வேற'ன்னாரு." இதை என்னைச் சந்தோஷப்படுத்துவதற்காகச் சொன்னார், மக்களே. ஆறுதலுக்குச் சொன்னார்.

பிறகு அழத் தொடங்கினார். "தண்ணி பின்னாலேருந்து வந்துது. எனக்குக் கை ஓடல. சார்தான் எனக்கு ஜாக்கெட்ட மாட்டிக் கட்டிவிட்டாரு. அப்பறம் என் மூஞ்சிக்கு நேரா 'வலி, வலி'ன்னு கத்தினாரு. எங்கயோ பலமா அடிபட்டுருக்கு, வலி தாங்க முடியலன்னு நெனச்சேன். என்னால ஒண்ணும் செய்ய முடியல. யாரோ என் கையப் புடிச்சு இழுத்தாங்க. முங்கித்தான் கதவத் தாண்டி வந்தேன், வெளியில வந்தப்பறந்தான் கயித்த இழுத்தேன். சார் பின்னால வர்றாருன்னுதான் நெனச்சேன்."

உன் அம்மை அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க அடிபட்டிருந்துதும்மா? தலையிலயா?" என்று கேட்டாள். "தெரியலயேம்மா, எனக்குப் பாக்கத் தெரியலயே" என்று அந்தப் பெண் சொன்னார். நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். அவர் அந்தச் சொல்லைச் சொன்ன உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. என் மகனுக்கு நொந்தால் நோவுது என்று சொல்வான். அவன் தன்னைப் பற்றிச் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவரைக் காப்பாற்றுவதாக நினைத்து, இழு இழு என்று கத்தியிருக்கிறான். தன் கயிற்றை அதற்கு முன்பே இழுத்திருப்பான். அந்தப் பெண்ணுக்கு நம் பேச்சு தெரியாது. தெரியாததால் இழுக்கவில்லை. இழுக்காததால் முங்கி வெளியே வந்தார். தெரிந்திருந்தால் அவரும் இழுத்து, என் மகனோடு கூரையில் கிடந்திருப்பார். ஒரு பிள்ளையைக் கொன்ற என் சட்டம் இன்னொரு வீட்டுப் பிள்ளையையும் கொல்லப் பார்த்தது. அதை யாரிடமும் சொல்லாமல் அவர்களைப் பேருந்து நிறுத்தம்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன்.

பிறகு விசாரணை செய்தவர்களிடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. நீ போனில் கேட்டாய், "என்ன எழுதியிருக்கானுவ?" என்று. "ஒண்ணுமில்ல, மழுப்பல்" என்றேன். அதில் ஒரு வரி இருந்தது. இறந்தவரின் உயிர்காப்பு உடுப்பு விமானத்துக்குள்ளேயே ஊதப்பட்டிருந்தது என்ற வரி. எனக்கு அகராதி தேவைப்படவில்லை. அந்தக் கடிதத்தை எஞ்சின் சாமான்களுக்கு அடியில் வைத்தேன். மறுவாரம் உன்னை அழைத்துக்கொண்டு மறுபடி மனு கொடுக்கப் போனேன். விமானத்தில் சொல்லிக்காட்டுகிறவர்கள்மேல் எனக்கு இன்னும் குறை உண்டு. ஏன் இழுக்கக் கூடாது என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை. கூரையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. காரணம் சொல்லியிருந்தால் ஆன்றோவுக்குப் புரிந்திருக்கும், அவன் கணக்கு வாத்தியார். ஆனால் அந்தக் குறையை வைத்துக்கொண்டு நான் என் பங்கை மூடினேன். அதைத்தான் செய்தேன்.

நேற்று உன் அம்மையிடம் சொன்னேன். உனக்கு எழுதுவதற்கு முன் அவளுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அவள் அடுக்களையில் நெத்தோலி மீன் கிள்ளிக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். என்னைத் திட்டுவாள், நெஞ்சில் அடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டது வேறு.

"அப்ப எனக்க பிள்ளைக்கு நோவலியா?"

"இல்ல."

"அடி ஒண்ணும் படலியா?"

"படல."

அவள் கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்தாள். "நித்தமும் கேட்டேனே உங்கட்ட. தலையில அடிபட்டிருக்குமா, நெஞ்சில அடிபட்டிருக்குமான்னு. அவனுக்க போட்டோவ எடுத்து வச்சு எந்த எடம்னு தெரியாம எல்லா எடத்தையும் தடவிட்டுக் கெடந்தேனே. நோவலன்னு ஒரு சொல்லு சொல்ல உங்களுக்கு வாய் வரலியா?" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. சட்டம், உடுப்பு, விமானம் எதைப் பற்றியும் கேட்கவில்லை. எனக்குச் சோறு போட்டாள். அதன் பிறகு என்னிடம் பேசவில்லை. பேசுவாள் என்று எனக்குத் தோன்றவில்லை. அவளுக்கு இத்தனை வருடம் கொடுத்திருக்கக்கூடிய ஒரே ஆறுதல் என் கையில்தான் இருந்தது. என் பெயர் கெட்டுவிடும் என்று நான் அதைப் பூட்டி வைத்தேன். மகனுக்குச் செய்தது தெரியாமல் செய்தது. இவளுக்குச் செய்தது தெரிந்தே செய்தது. இதற்கு எந்த அலுவலகத்தில் போய் மனு கொடுப்பேன்?

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நீ கொடுத்துவிடுவாய், உன் குணம் அது. எனக்கு அது வேண்டாம். என் வயதில் இனி எதுவும் சரியாகப் போவதில்லை. தினமும் விடிகிறது, நான் எழுந்திருக்கிறேன், அவ்வளவுதான். எனக்கு உன்னிடம் வேண்டியது ஒன்றே ஒன்று. அதற்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது.

விமானத்தில் ஏறியதும் உன் இருக்கையிலிருந்து கதவுவரை எத்தனை இருக்கை என்று கையால் தொட்டு எண்ணிக்கொள். தண்ணீருக்குள் கண் தெரியாது, கைதான் தெரியும். உன் மனைவியையும் எண்ணச் சொல். கடலில் இறங்க வேண்டி வந்தால் உடுப்பைப் போட்டுக்கொள், கட்டிக்கொள், கயிற்றைத் தொடாதே. தண்ணீர் காலுக்கு வந்தாலும் தொடாதே, இடுப்புக்கு வந்தாலும் தொடாதே. கதவைத் தாண்டி, தலைக்கு மேலே வானம் இருக்கிறது என்று தெரிந்த பிறகு இழு. குழந்தைக்கு வேறு உடுப்பு கொடுப்பார்கள், அதற்கு முறை வேறாக இருக்கலாம். நான் ஒன்றும் சொல்லமாட்டேன். அங்கே நின்று சொல்கிறவர், அவர் கடலையே பார்க்காதவராக இருந்தாலும், என்ன சொல்கிறாரோ அதைக் கேள், புரியாவிட்டால் கூச்சப்படாமல் திரும்பக் கேள். பையைத் தேடாதே. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போ.

இதையெல்லாம் ஒருமுறை வாசித்தால் போதாது. உன் கை நான் பழக்கிய கை. அது நீ நினைக்குமுன்னே கயிற்றுக்குப் போகும். அதனால் இந்த எட்டு நாளும் காலையில் எழுந்து, நாற்காலியில் உட்கார்ந்து, இடுப்பில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, எழுந்து வாசலைத் தாண்டி, முற்றத்தில் நின்ற பிறகு இழு. உன் மனைவி சிரித்தால் சிரிக்கட்டும். மகளையும் கூட்டிக்கொண்டு செய். அவளுக்கு நீ சொல்லிக்கொடுத்த பாடத்தை நீயே அழிக்க வேண்டும், நான் போனில் சொன்னால் விளையாட்டென்று நினைப்பாள். தாத்தா சொன்னது தப்பு என்று சொல். அவள் ஏன் என்று கேட்டால், தாத்தாவுக்குத் தெரியாது என்று சொல். அப்படியே சொல், மாற்றிச் சொல்லாதே.

இந்த வீட்டில் என் சொல்லை மீறியவர்களை நான் எப்படி நடத்தினேன் என்று உனக்குத் தெரியும். மாதக்கணக்கில் முகம் பார்க்காமல் இருந்திருக்கிறேன். அந்தப் பயத்தில்தான் நீங்கள் இருவரும் வளர்ந்தீர்கள். அப்படிப்பட்டவன் எழுதுகிறேன், மக்களே. தண்ணீர் ஏறுகிறபோது என் குரல் உன் காதில் கேட்கும், கேட்காமல் இருக்காது. கேட்டால் அதற்குக் கீழ்ப்படியாதே. என்னை உள்ளேயே விட்டுவிட்டு, பிள்ளையோடு நீ வெளியே போ.

அப்பா